குட்டைப் பாட்டு உலகை அளந்த கதை!

நள்ளிரவு நேரம். சேலத்தை அடுத்த ஒரு கிராமம். மாரியம்மன் கோவில் திடலில் கூத்து நடக்கிறது.

தாய்மார்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தைகள் மடியில் தூங்குகின்றன. ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்குகின்றன. முகவீணை கூவுகிறது.

இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். திரைக்குப் பின்னால் துரியோதன மகாராஜா நிற்கிறார். தலையில் மரக் கிரீடம். தோளில் கண்ணாடிச் சில்லு பதித்த புஜகீர்த்தி.

ராஜா வருவதற்கு முன்னால் ஒருவன் துள்ளிக் குதித்து வருகிறான். தலையில் கூம்புத் தொப்பி. முகத்தில் தாறுமாறாகப் பூசிய சாயம். தூங்கிய குழந்தைகள் எழுந்து உட்கார்ந்துவிடுகின்றன!

அவன்தான் கட்டியங்காரன். கோமாளி என்றும் சொல்வார்கள்.

"நான் நூறு பேருக்கு அண்ணன்!" என்று ராஜா மார் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏனுங்க மகராசா, நூறு பேருங்களா? அப்ப ரேசன் கடையில உங்க ஊட்டுக்கு மட்டும் தனி வரிசை போடோணுமுங்களே!" என்பான் கோமாளி.

திடலே சிரிக்கும். உடனே இரண்டடி பாட்டு ஒன்றை எடுத்து விடுவான். அதில் இலக்கணம் நொண்டும். வார்த்தை கொஞ்சம் கொச்சையாக இருக்கும். "சீ, போ!" என்று பெண்கள் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஆனால் மூடிய முந்தானைக்குள்ளும் சிரிப்பு இருக்கும்.

கட்டியம் என்றால் என்ன? அரசன் வரும்போது அவன் பெருமையை உரக்கச் சொல்லும் புகழ்மொழி. அதைச் சொல்கிறவன் கட்டியங்காரன். ராஜாவைப் புகழ வந்தவன்தான் இங்கே ராஜாவைக் கிண்டல் செய்கிறான்!

"சீவக சிந்தாமணி" என்ற காப்பியத்திலும் கட்டியங்காரன் என்று ஒருவன் உண்டு. அவன் அமைச்சன். அரசனைக் கொன்றுவிட்டு அரியணையைப் பிடித்துக்கொண்டவன். கூத்து மேடைக் கட்டியங்காரன் யாரையும் கொல்வதில்லை. சிரிக்க வைத்தே அரசனைத் தரைக்கு இறக்கிவிடுகிறான்.

அவனுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது எது? அவன் வாயில் இருக்கும் அந்தக் கொச்சைப் பாட்டுதான்.

அந்தப் பாட்டுக்கு ஒரு குடும்பம் உண்டு. குடும்பப் பெயரும் உண்டு. அந்தப் பெயருக்குள் ஒரு கதையே ஒளிந்திருக்கிறது!

சிந்து என்றால் என்ன?

கூத்தில் விருத்தம் உண்டு. தரு உண்டு. சிந்தும் உண்டு. ராஜாவுக்குக் கம்பீரமான விருத்தம். கோமாளிக்கு அது ஒத்து வராது. அவன் வாய்க்கு ஏற்றது துள்ளி ஓடும் சிந்து போன்ற மெட்டுதான்.

"சிந்து" என்றதும் நதியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு சிந்து.

செய்யுள் இலக்கணத்தில் அடிகளை நீளத்தைக் கொண்டு பிரித்திருக்கிறார்கள். இரண்டு சீர் கொண்டது குறளடி. மூன்று சீர் கொண்டது சிந்தடி. நான்கு சீர் வந்தால் அளவடி. ஐந்து வந்தால் நெடிலடி. அதற்கும் மேலே போனால் கழிநெடிலடி.

இந்தப் பெயர்கள் எப்படி வந்தன? "யாப்பருங்கலக் காரிகை" என்ற இலக்கண நூலின் பழைய உரையில் இதற்கு விடை இருக்கிறது.

மனிதர்களில் மிகவும் குட்டையானவனைக் குறளன் என்பார்கள். அவனைவிடக் கொஞ்சம் உயரமானவன் சிந்தன். நடுத்தர உயரம் உள்ளவன் அளவில் பட்டவன். அவனைவிட உயர்ந்தவன் நெடியவன். அதைப் போலவே பாட்டின் அடிகளுக்கும் பெயர் வைத்தார்கள் என்கிறது அந்த உரை.

ஆகவே சிந்து என்றால் குட்டை! சிந்துப் பாட்டு என்றால் குட்டைப் பாட்டு!

திருக்குறளின் "குறள்" என்ற பெயரும் இதே வழியில் வந்ததுதான். குள்ளனாக வந்த வாமனனையும் "குறளன்" என்பது உண்டு. அந்தக் குள்ளன் மூன்றடி மண் கேட்டான். மூன்று உலகையும் அளந்தான்.

சிந்தடியிலும் மூன்று சீர். அதுவும் வாமனனைப் போலவே நடந்து காட்டியது!

நொண்டி எங்கிருந்து வந்தான்?

சிந்தில் பல வகை உண்டு. காவடி எடுப்பவர்கள் பாடுவது காவடிச் சிந்து. நடந்து போகிறவர்கள் களைப்புத் தெரியாமல் பாடுவது வழிநடைச் சிந்து.

அந்த வரிசையில் ஒன்றுதான் நொண்டிச் சிந்து. ஏற்கனவே குட்டை. அதோடு நொண்டி! பெயர் வைத்தவர்கள் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

17, 18-ம் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டில் "நொண்டி நாடகம்" என்ற ஒரு வகை நாடகம் புகழோடு இருந்தது. அதன் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான்.

ஒரு திருடன் இருப்பான். தாசியின் மோகத்தில் சொத்தை எல்லாம் அழிப்பான். அவளுக்காகக் குதிரை திருடப் போவான். பிடிபடுவான். தண்டனையாகக் கால் போகும்.

கால் போன பிறகு புத்தி வரும். செய்த பாவத்தை எல்லாம் சொல்லி அழுவான். கடவுளை வேண்டுவான். அருள் கிடைத்து, கால் மீண்டும் வளரும்.

இந்தக் கதையை அவனே சபையில் நின்று பாடுவான். நொண்டி நொண்டி நடந்துகொண்டே பாடுவான். அந்த மெட்டுதான் நொண்டிச் சிந்து.

மெட்டும் நொண்டத்தான் செய்யும். அடியின் முதல் பாதி முடிந்ததும் ஒரு சொல் தனியாகத் தொங்கும். அங்கே பாட்டு ஒரு கணம் நிற்கும். பிறகு காலை இழுத்துக்கொண்டு அடுத்த பாதிக்குப் போகும்.

இதோ, மாதிரிக்கு ஒரு பாட்டு. விளங்குவதற்காகக் கட்டியது:

சந்தைக்குப் போனானாம் மாமன் – அங்கே
சாயவேட்டி ஒன்று வாங்கி வந்தான்;
மந்தையில் மழைவந்து நனைந்தான் – வேட்டி
மாறிக் கோவணமாய்ப் போச்சுதையா!

"அங்கே", "வேட்டி" என்ற சொற்கள் தனியாக நிற்பதைப் பாருங்கள். அதுதான் நொண்டியின் ஊன்றுகோல். இந்தப் பாட்டில் கவிநயம் தேட வேண்டாம். ஆனால் ஒரு முறை கேட்டால் மறக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

நொண்டி நாடகம் ஒரு மதத்தாரோடு நிற்கவில்லை. திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு நொண்டி நாடகம் உண்டு. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரிலும் ஒன்று உண்டு. அதில் வரும் திருடன் மக்காவுக்குப் போகிறான். அங்கே அவனுக்குக் கால் கிடைக்கிறது. கிறிஸ்தவர்களும் நொண்டி நாடகம் எழுதினார்கள்.

சாமி வேறு. மெட்டு ஒன்று!

நாயும் தடியும்

கொச்சைப் பாட்டுக்கு இழிவான பெயர் வைத்தது தமிழன் மட்டும்தானா? இல்லை.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட பாட்டுக்கு "டாகரல்" என்று பெயர். "டாக்" என்றால் நாய். அந்தச் சொல்லிலிருந்து வந்த பெயராக இருக்கலாம் என்பது அறிஞர்களின் கருத்து. அதாவது நாய்ப் பாட்டு!

14-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசர் என்ற ஆங்கிலக் கவிஞர் ஒரு வேடிக்கை செய்தார். தம் நூலில் தம்மையே ஒரு பாத்திரமாக வைத்தார். யாத்திரை போகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். வழியில் ஒரு கதையைப் பாட்டாகச் சொல்கிறார். விடுதிக்காரனுக்குப் பொறுக்கவில்லை. "இது டாகரல், நிறுத்தும்!" என்ற பொருளில் பாதியிலேயே தடுத்துவிடுகிறான்.

ஜெர்மனியில் இதற்குப் பெயர் "க்னிட்டல் வெர்ஸ்". க்னிட்டல் என்றால் தடி. தடிப் பாட்டு!

அங்கே நாய். அங்கே தடி. இங்கே குள்ளன், நொண்டி. பெயர் வைத்தவர்கள் படித்தவர்கள். பாடியவர்களோ படிக்காதவர்கள். மேலே நின்று பார்த்தவனுக்குக் கீழே இருந்தது எல்லாம் குட்டையாகத் தெரிந்தது. அவ்வளவுதான்!

ஸ்காட்லாந்தில் மகோனகல் என்று ஒருவர் இருந்தார். சேலத்து மக்களுக்குப் பழக்கமான தொழில்தான் அவருக்கும். ஆமாம், அவர் ஒரு கைத்தறி நெசவாளி!

1879-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி இரவு, டே நதியின் மேலே இருந்த ரெயில் பாலம் புயலில் இடிந்தது. போய்க்கொண்டிருந்த ரெயில் ஆற்றில் விழுந்தது. பயணிகள் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்தத் துயரத்தை மகோனகல் பாட்டாகக் கட்டினார். உலகத்திலேயே மோசமான கவிதைகளில் ஒன்று என்று அதைக் கேலி செய்தார்கள். அவர் மேடை ஏறினால் முட்டை வீசினார்கள். அவர் தம் பாட்டுகளைத் தாளில் அச்சடித்துத் தெருத்தெருவாக விற்றார். 1902-ல் வறுமையில் இறந்தார்.

ஆனால் அவரைக் கேலி செய்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவருடைய பாட்டு இன்றும் அச்சாகிறது!

சந்தையில் விற்ற பாட்டு

மகோனகல் செய்த வேலையைத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் செய்தார்கள். அவர்கள்தான் சிந்துக்காரர்கள்.

சேலம், நாமக்கல் சமவெளி சந்தைகளின் பூமி. சேலத்தில் ஒரு பகுதிக்கே செவ்வாய்ப்பேட்டை என்று பெயர். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்த பெயர் அது. நாமக்கல் பக்கம் புதன்சந்தை என்றே ஓர் ஊர் இருக்கிறது.

நெசவாளி துணியோடு வருவார். உழவர் ஆட்டோடும் மாட்டோடும் வருவார். பெண்கள் புளியும் மிளகாயும் வாங்க வருவார்கள். கூட்டம் கூடும் இடத்தில் பாட்டு விற்பவருக்கும் இடம் உண்டு.

ஒருவர் கையில் டேப் என்னும் சிறிய பறை. அதைத் தட்டிக்கொண்டே பாடுவார். கூட நிற்பவர் கையில் சிறு புத்தகங்களை வைத்துக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி வருவார். எட்டுப் பக்கம். மலிவான தாள். விலை காலணா, அரையணா.

காலணாப் புத்தகத்தை விற்கிறவர் எப்படிக் கூவி இருப்பார்? அந்தப் பாணியில் இன்னொரு மாதிரி:

எட்டுப்பக்கம் காலணா தானே – இதை
எடுத்துக்கொண்டு போனால் ஊரே கேட்கும்;
கட்டினபெண் டாட்டிதிட்டி னாலும் – பாட்டு
காதுக்குள்ளே நின்றுதாளம் போடும்!

கொலை நடந்தால் பாட்டு. அதற்குக் கொலைச் சிந்து என்று பெயர். ரெயில் கவிழ்ந்தால் பாட்டு. வெள்ளம் வந்தால் பாட்டு. மாமியார் கொடுமைக்குப் பாட்டு. புதிதாக வந்த மோட்டார் வண்டிக்கும் பாட்டு. காப்பிக்கும் பாட்டு!

சென்னையில் குஜிலிக் கடைத்தெரு என்று ஓர் இடம் இருந்தது. இந்தப் புத்தகங்கள் அங்கே ஏராளமாக விற்றன. அதனால் "குஜிலிப் பாட்டு" என்றும் பெயர் வந்தது. இந்தப் பெயரையும் படித்தவர்கள் ஏளனமாகவே சொன்னார்கள்.

1951-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் 100 பேரில் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது. மற்ற 82 பேர் உலக நடப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

காது வழியாகத்தான்! சந்தையில் பாடியவர்தான் அவர்களுக்குச் செய்தித்தாள்.

பாட்டு பிடித்திருந்தால் புத்தகத்தை வாங்குவார்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பையன் இருந்தால் படிக்கச் சொல்வார்கள். பாட்டுத்தான் ஏற்கனவே காதில் இருக்கிறதே! எழுத்தைப் பார்த்ததும் வார்த்தை தானாக வாயில் வரும். புதிதாக எழுத்துக் கூட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

பதிப்பாளர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். "பெரிய எழுத்து நல்லதங்காள் கதை", "பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை" என்று பெரிய எழுத்தில் புத்தகங்கள் வந்தன. சென்னை ரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் இதில் பெயர் பெற்றது.

சர்க்கார் பயந்தது!

இந்தக் குட்டைப் பாட்டைப் பார்த்துப் பண்டிதர்கள் சிரித்தார்கள். ஆனால் வெள்ளைக்கார சர்க்கார் சிரிக்கவில்லை. பயந்தது!

1931-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பகத்சிங் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பற்றித் தமிழில் பாட்டுப் புத்தகங்கள் வெளிவந்தன. அவற்றுள் சிலவற்றை சர்க்கார் தடை செய்தது. காலணாப் புத்தகத்துக்குத் தடை உத்தரவு! பீரங்கி வைத்திருந்தவர்கள் மலிவுத் தாளுக்கு அஞ்சினார்கள்.

நாடக மேடையிலும் இதே கதைதான். மதுரை பாஸ்கரதாஸ் ஒரு பாட்டு எழுதினார். கொக்கு பறப்பதைப் பாப்பாவுக்குக் காட்டுவது போன்ற பாட்டு. கேட்டால் விளையாட்டாக இருக்கும். ஆனால் அந்த வெள்ளைக் கொக்கு யார்? கடல் கடந்து வந்த வெள்ளைக்காரன்தான்!

அந்தப் பாட்டை மேடைதோறும் பாடியவர் விசுவநாத தாஸ். முருகன் வேடத்தில் வந்து பாடுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். போலீசார் காத்திருந்து கைது செய்வார்கள். சிறைக்குப் போவார். திரும்பி வந்து மறுபடியும் பாடுவார்.

1940-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி. சென்னையில் "வள்ளி திருமணம்" நாடகம். விசுவநாத தாஸ் முருகனாக மயில் மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தார். அப்படியே உயிர் பிரிந்தது.

சிரிப்புப் பாட்டு என்று யார் சொன்னது? அதற்காக ஒரு மனிதன் சிறை சென்றான். அதைப் பாடிய மேடையிலேயே உயிரை விட்டான்.

உயர்ந்தவர்கள் குனிந்து எடுத்தார்கள்

ஜெர்மனியின் மகாகவி கதே. அவருடைய பெரும் படைப்பு "ஃபாஸ்ட்". அதன் முதல் பாகம் 1808-ல் வெளிவந்தது. ஃபாஸ்ட் தன் அறையில் தனியாகப் புலம்பும் காட்சியோடு அந்த நாடகம் சூடு பிடிக்கிறது. அந்தப் புலம்பலை அவர் எந்த மெட்டில் எழுதினார் தெரியுமா? அந்தத் தடிப் பாட்டு மெட்டில்தான்!

தமிழில் அந்த வேலையைச் செய்தவர் பாரதியார்.

1912-ல் அவர் "பாஞ்சாலி சபத"த்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். எளிய சொல், எளிய நடை, பொது மக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றைக் கொண்டு காவியம் செய்பவன் தமிழுக்கு உயிர் தருகிறான் என்ற கருத்தை அதன் முன்னுரையில் எழுதினார். சொன்னபடியே செய்தார். அந்தக் காவியத்தின் பல இடங்களில் நொண்டிச் சிந்து நடை போடுகிறது.

நாட்டு மக்களின் கோழைத்தனத்தைக் கண்டு மனம் பொறுக்காமல் பாரதியார் பாடிய பாட்டு எல்லோருக்கும் தெரியும். அதுவும் நொண்டிச் சிந்துதான். குதிரைத் திருடன் தன் பாவத்தைச் சொல்லி அழுத மெட்டில், ஒரு தேசத்தின் பாவத்தைச் சொல்லிப் பாரதியார் அழுதார்.

நாமக்கல் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. மோகனூரில் 1888-ம் ஆண்டு பிறந்தவர் ராமலிங்கம் பிள்ளை. நாமக்கல் கவிஞர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1930-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டது. தலைமை தாங்கியவர் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி. சுமார் 100 தொண்டர்கள் நடந்தார்கள்.

அவர்கள் வாயில் இருந்தது நாமக்கல் கவிஞரின் பாட்டு. ஆயுதம் இல்லாமல், ரத்தம் சிந்தாமல் நடக்கும் ஒரு போரைப் பற்றிய பாட்டு. அது கொச்சைப் பாட்டு அல்ல. ஆனால் அகராதி தேவைப்படாத பாட்டு. நடக்கிற காலுக்கு ஏற்ற தாளம். வழிநடைச் சிந்து பாடிப் பழகிய மக்களுக்கு அது உடனே பிடித்துப் போயிற்று.

இன்றும் சேலம் மாவட்டம் எடப்பாடியிலிருந்து தைப்பூசத்தை ஒட்டிப் பழனிக்குக் காவடி எடுத்துப் பெருங்கூட்டம் நடக்கிறது. அத்தனை தூரம் காலை மட்டும் நம்பி நடக்க முடியுமா? பாட்டும் கூட நடக்க வேண்டும்!

காயப்படுத்திய பாட்டு

எல்லாம் பெருமைதானா? அப்படிச் சொன்னால் அது பொய்.

கொச்சைப் பாட்டு பலரைக் காயப்படுத்தியும் இருக்கிறது. கொலைச் சிந்தில் பல நேரம் செத்தவள் பெண்ணாக இருப்பாள். பழியும் அவள் மேலேயே விழும். வழக்கு முடிவதற்கு முன்னால் சந்தையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அவள் பெற்றோர் அதே சந்தைக்குத்தான் வர வேண்டும்!

சில பாட்டுகள் ஏழையின் சாதியைச் சொல்லிச் சிரித்தன. சில பாட்டுகள் உடல் குறையைச் சொல்லிச் சிரித்தன. தோல்பாவைக் கூத்தின் கோமாளிகளைப் பாருங்கள். ஒருவன் உச்சிக்குடும்பன். மற்றவன் உளுவத்தலையன். உளுவை என்பது ஒரு மீன். தலையின் அமைப்பைச் சொல்லியே பெயர் வைத்துவிட்டார்கள்!

இந்தப் பாட்டின் பெயரே அப்படிப்பட்டதுதானே? குள்ளன், நொண்டி என்று ஒரு மனிதனைக் கூப்பிடுவது இன்று யாருக்கும் அழகல்ல. மாற்றுத் திறனாளி என்று மரியாதையோடு சொல்கிறோம். அதுதான் சரி.

கொச்சைப் பாட்டு படித்தவர்களின் சொத்தாகவும் இருந்திருக்கிறது. காளமேகப் புலவர் வெண்பாவிலேயே வசை பாடினார். ஆகவே குற்றம் மெட்டில் இல்லை. அது யாரைப் பார்த்துப் பாடப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

துரியோதனனைப் பார்த்துக் கோமாளி சிரித்தால் ஊருக்குத் தைரியம் வருகிறது. கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் ஏழைப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தால் அவளுக்குக் கண்ணீர் வருகிறது. பாட்டு ஒன்றுதான். திரும்பும் திசைதான் வேறு.

நல்ல கோமாளிக்கு இந்த வித்தியாசம் தெரியும். தன்னையே முதலில் கேலி செய்துகொள்வான். பிறகு ராஜாவைத் தொடுவான். எளியவனைத் தொட மாட்டான்.

இன்று எங்கே?

1957-ல் நயா பைசா வந்தது. காலணா போயிற்று. காலணாப் புத்தகமும் மெல்லப் போயிற்று.

சினிமா வந்த பிறகு சிந்துக்காரர்கள் சினிமா மெட்டில் பாட்டுக் கட்டினார்கள். சேலத்திலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெரிய ஸ்டூடியோ எழுந்தது. கோமாளியின் பாட்டு திரையில் ஏறியது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் "கிந்தனார்" கதாகாலட்சேபத்தை "நல்லதம்பி" படத்தில் பார்த்துத் தமிழ்நாடே சிரித்தது. அது 1949-ம் ஆண்டு. நந்தனார் கதையின் மெட்டிலேயே ஓர் ஏழைப் பையன் படிப்பதற்குப் பட்டணம் போகும் கதையை அவர் சொன்னார். சிரிப்பு திரும்ப வேண்டிய திசையில் திரும்பியது!

வானொலியும் வந்தது. தொலைக்காட்சி வந்தது. கைப்பேசி வந்தது. சந்தையில் டேப் தட்டிப் பாடும் சிந்துக்காரரை இன்று காண்பது அரிது.

ஆனால் அவர் விற்ற புத்தகங்கள் எல்லாம் அழிந்துவிடவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் ஆயுள் முழுவதும் பழைய புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பண்டிதர் தூக்கி எறிந்த சிறு பாட்டுப் புத்தகங்களையும் அவர் விடவில்லை. அவர் காலத்துக்குப் பின், 1994-ல் அவர் பெயரால் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தப் பாட்டுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதன் பெயர் "முச்சந்தி இலக்கியம்".

பாருங்கள்! குள்ளன், நொண்டி, குஜிலி என்று ஏளனப் பெயர் சுமந்த பாட்டுக்குக் கடைசியில் "இலக்கியம்" என்ற பெயரும் கிடைத்துவிட்டது.

கூத்தும் சேலம், நாமக்கல் வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் நடத்திய "மணல்வீடு" இதழ் கூத்துக் கலைஞர்களின் வாழ்க்கையை எழுத்தில் பதிவு செய்தது. கோவில் திருவிழா வந்தால் இன்றும் சில ஊர்களில் திரை பிடிக்கிறார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கு இருந்த இடத்தில் மின்விளக்கு. மற்றபடி அதே மரக் கிரீடம். அதே முகவீணை.

ஆனால் ஒரு கவலை. பாய் விரித்து உட்காரும் கூட்டம் குறைந்து வருகிறது. இரவு முழுவதும் ஆடிய கலைஞர், பகலில் வேறு கூலி வேலை தேட வேண்டியிருக்கிறது. கோமாளியின் பாட்டில் பெரும் பகுதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தந்த ஊர், அந்தந்த இரவு, அந்த நேரத்தில் வாயில் வருவது அது. பாடுகிறவர் போனால் பாட்டும் போய்விடும்.

உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சந்தையில் கேட்ட சிந்து ஒன்று அவர்கள் நினைவில் இருக்கக்கூடும். முதலில் வெட்கப்படுவார்கள். "அது கெட்ட பாட்டு, வேண்டாம்" என்பார்கள். பிறகு மெல்லத் தொடையில் தாளம் தட்டுவார்கள்.

கேட்டதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

பொழுது விடிகிறது. கூத்து முடிகிறது. மகாராஜா கிரீடத்தைக் கழற்றி மரப்பெட்டியில் வைக்கிறார். கோமாளி முகத்துச் சாயத்தைத் துடைக்கிறான்.

பாயைச் சுருட்டிக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்கு நடக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் ஒரு சிறுவன் எதையோ முணுமுணுத்துக்கொண்டே போகிறான்.

அது ராஜாவின் விருத்தம் அல்ல. கோமாளியின் குட்டைப் பாட்டு!